வான்கோழிக்கு ஒரு கை குறைகிறது

ஆல்டர் கிரீக், விஸ்கான்சின்
நவம்பர் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூத்த மகள், ஊரார் வாயில் நித்தம் அரைபடும் டீகன் எழுதுவது. நான் நலம். தங்கை வில்லா நலம். ரோண்டா பெரியம்மாவும் நலம்தான். முழங்கால் மட்டும் மழைக்கு முதல் நாளே வானிலை அறிக்கை வாசிக்கிறது. உன் நலத்தை நீ எழுதினால்தான் எங்களுக்குத் தெரியும். ஜூலைக்குப் பிறகு நீ எழுதவில்லை.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கிற சிறை அதிகாரிக்கும் என் வணக்கம். ஐயாவோ அம்மாவோ, யாராக இருந்தாலும் சரி, இந்த முறை உங்களுக்கு வேலை வைக்கவில்லை. வெள்ளைத் தாள், நீல மை, அவ்வளவுதான். முகர்ந்து பார்த்தால் வெங்காய வாசனை வரலாம். அது எங்கள் சமையலறை மேஜையின் குற்றம், என்னுடையது அல்ல.

முதலில் என் புகழ். ஊர் எல்லையில் நிற்கும் சிமெண்ட் மான் உனக்கு நினைவிருக்கும். வேட்டைக் காலம் வருகிறதே, மானுக்கும் மானம் உண்டே, வெறும் உடம்போடு நிற்கிறதே என்று இரக்கப்பட்டு, வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையையும் தொப்பியையும் அதற்கு மாட்டிவிட்டேன். கழுத்தில் ‘நானும் உங்க ஆளுதாங்க, சுடாதீங்க’ என்று ஓர் அட்டை. சட்டை எங்கள் பள்ளி முதல்வருடையது என்பது சின்ன விவரம். அவர் முதலில் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத் தண்டனை கொடுத்தார். கிறிஸ்துமஸ் வரைக்கும், பள்ளி விட்டதும் தேவாலயத்தின் அடித்தளத்தில் நடக்கும் மழலையர் பள்ளிக்குப் போய் எடுபிடி வேலை செய்ய வேண்டும். ஆக, நம் வீட்டில் இப்போது இரண்டு பேர் தண்டனையில் இருக்கிறோம். எனக்கு ஆப்பிள் கூழும் உப்பு பிஸ்கட்டும் தருகிறார்கள். உனக்கு?

அந்த வரி நான் நினைத்த மாதிரி வரவில்லை. அடித்துவிட்டால் கடிதம் அசிங்கமாகிவிடும். இருக்கட்டும்.

வில்லாவும் அங்கேதான் படிக்கிறாள். இப்போதெல்லாம் நான் அவளை வில்லி என்றுதான் கூப்பிடுகிறேன். பெயருக்குக் குறைவில்லாமல் நடந்துகொள்கிறாள். அவளுக்கு ஒரு கூட்டாளி உண்டு. ஓடின் என்று பெயர், தொழில் பசை தின்பது. காகிதத்தில் ஒரு சொட்டு, வாயில் ஒரு சொட்டு என்று கணக்காக நடத்துகிறான். டீச்சர் மிஸ் பெக், உனக்கும் ஒரு காலத்தில் அதே அடித்தளத்தில் கத்தரிக்கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்தான். நீ முதியோர் இல்லத்து மாத்திரைகளை எடுத்ததைப் பற்றி ஊரே பேசியபோதும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. “உங்கம்மா நேர்கோட்டுல வெட்டுவாடி, நீதான் கோணலா வெட்டுற” என்று மட்டும் அடிக்கடி சொல்கிறார்.

அக்டோபர் முழுக்க அங்கே இலை வேலை. பிள்ளைகள் பொறுக்கி வந்த மேப்பிள் இலைகளை மிஸ் பெக் தேவாலயத்துப் பாட்டுப் புத்தகங்களுக்குள் வைத்துப் பதப்படுத்தினார். ஞாயிற்றுக்கிழமை போதகர் புத்தகத்தை விரித்தார், சிவப்பு இலை ஒன்று பறந்து மூக்கில் உட்கார்ந்தது. நான் செய்யாத குறும்புக்கு சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

அந்த இலைகளில்தான் வான்கோழி செய்தார்கள். பிள்ளையின் கையில் பழுப்பு வர்ணம் பூசி அட்டையில் ஒரு அழுத்து. கட்டை விரல் தலை, உள்ளங்கை உடம்பு. சுற்றிலும் இலைகளைச் சிறகாக ஒட்ட வேண்டும். வானத்தையே தொடாத கோழிக்கு வான்கோழி என்று பெயர் வைத்தவன் என்னைவிடப் பெரிய குறும்பன். வில்லா தன் கோழிக்கு இரண்டு கண் வைத்தாள், இரண்டும் ஒரே பக்கத்தில். “இது அம்மாவுக்கு” என்றாள். மிஸ் பெக் நெகிழ்ந்துபோய் அன்றே உறையில் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டார். என்னிடமோ பெரியம்மாவிடமோ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்கள் சிறை விதிமுறை அவருக்கு எப்படித் தெரியும்?

போன வாரம் அது திரும்பி வந்தது. பசை கூடாது, வர்ணம் கூடாது, இலை தழை எதுவும் கூடாது என்று உறையோடு ஒரு சீட்டு. இலைக்கு இல்லை என்றுவிட்டார்கள். பசைக்கும் பாசத்துக்கும் எழுத்தில் கொஞ்சம்தான் தூரம், வாசலில் அதையெல்லாம் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

நான் எடுத்திருந்தால் ஒளித்து வைத்திருப்பேன். ஆனால் தபால் பெட்டி வில்லாவின் ராஜ்ஜியம். தினமும் அவள்தான் பாதை முனை வரை ஓடிப்போய்க் கொண்டுவருவாள். உறையின் கிழிந்த ஓரம் வழியாக இரண்டு கண்ணும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. வீட்டுக்குள் வந்து, பூட்ஸ்கூடக் கழற்றாமல், “அம்மாவுக்குப் புடிக்கல. திருப்பி அனுப்பிட்டா” என்றாள்.

அம்மா பார்க்கவே இல்லடி, வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, “வான்கோழி என்ன தப்பு பண்ணுச்சு?” என்று கேட்டாள். ஒன்றும் பண்ணவில்லை என்றேன். “அப்ப ஏன் உள்ள விடல?” என்றாள்.

தப்புப் பண்ணினால்தான் உள்ளே விடுவார்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நல்ல பதிலை விழுங்கினேன்.

அதற்குப் பிறகு வகுப்பில் அவள் எதையும் ஒட்டுவதில்லை. மிஸ் பெக் பைன் மரக் காயைக் கொடுத்தார், காகிதத் தட்டைக் கொடுத்தார். எல்லாவற்றையும் ஓடின் பக்கம் தள்ளிவிட்டு மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. நன்றித் திருநாளுக்கு முன் வரும் செவ்வாய்க்கிழமை அடித்தளத்தில் பிள்ளைகளின் விருந்து. அதற்கு ஒவ்வொரு பிள்ளையும் சுவரில் ஒரு குடும்ப வான்கோழி வைக்க வேண்டும். பிள்ளையின் பாதம் உடம்பு, வீட்டில் ஒவ்வொருவர் கையையும் வரைந்து வெட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சிறகு. என் கை சிவப்பு, பெரியம்மாவின் கை பழுப்பு. அப்பாவின் கையைக் கேட்கலாம் என்றால் அவருக்கு முகவரி வேண்டுமே. மஞ்சள் உனக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒரு தாளில் கையை வைத்து, சுற்றிப் பேனாவை ஓட்டி, அனுப்பு. வண்ணத் தாளில் நான் மாற்றிக்கொள்கிறேன். கடிதம்கூட எழுத வேண்டாம்.

தபால் பெட்டியில் உன் கை வரட்டும், வில்லியின் கை மடியை விட்டு எழுந்து வரட்டும்.

இப்படிக்கு,
உன் ஆரஞ்சு நிற மகள்
டீகன்


ஆல்டர் கிரீக்
நவம்பர் 20

அன்புள்ள அம்மா,

உன் கை வரவில்லை. அதனால் நான் ஒரு கை பார்த்தேன். அதன் விளைவை எழுதத்தான் இந்தக் கடிதம். அதிகாரி அவர்களே, வணக்கம். நீங்களும் உட்கார்ந்தே படியுங்கள்.

தபால் பெட்டிக்கு வில்லா காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போகிறாள். தபால்காரர் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் வருவார் என்று அவளுக்குச் சொல்ல எங்களுக்கு மனம் இல்லை. அடித்தளத்துச் சுவரில் பழுப்புக் காகிதத்தில் ஒரு நன்றி மரம் நிற்கிறது. பிள்ளைகள் எதற்கு நன்றி சொல்கிறார்களோ அதை மிஸ் பெக் காகித இலையில் எழுதி ஒட்டுவார். ஓடினின் இலையில் ‘பசை’ என்றிருக்கிறது. வில்லாவின் இலையில் ‘தபால் பெட்டி’.

அதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு யோசனை வந்தது. என் கையும் உன் கையும் ஒரே அளவு. போன குளிர்காலத்தில் உன் கையுறையைத்தான் போட்டுக்கொண்டேன். ஆகவே மஞ்சள் தாளில் என் கையை வரைந்தேன், நேர்கோடாக வெட்டினேன், மிஸ் பெக் பார்த்திருந்தால் அழுதிருப்பார். பழைய உறை ஒன்றில் போட்டுத் தபால் பெட்டியில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாத பூனையாக வந்து பால் குடித்தேன். ஊரையே ஏமாற்றியவள், நான்கு வயது நிரம்பாத ஒருத்தியை ஏமாற்ற முடியாதா?

வில்லா உறையோடு ஓடி வந்தாள். முகம் எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து மஞ்சள் கையைக் கீழே வைத்தாள். அதன் மேல் தன் கையை வைத்தாள். பிறகு சுண்டு விரலைத் தடவிப் பார்த்தாள். தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

“கொக்கி எங்க?” என்றாள்.

எந்தக் கொக்கி என்று கேட்டேன். நிஜமாகவே புரியவில்லை.

“அம்மா வெரல்ல இருக்குமே, கொக்கி” என்று தன் சுண்டு விரலை வளைத்துக் காட்டினாள்.

அம்மா, எனக்கே மறந்துவிட்டது. நீ பள்ளியில் பந்து பிடிக்கப் போய் ஒடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் டேப் ஒட்டியே ஆறவிட்ட சுண்டு விரல். அந்த வளைவில் தன் விரலை மாட்டிக்கொண்டுதான் அவள் தூங்குவாள். நீ போகும்போது அவளுக்குப் பேச்சே சரியாக வராது. முகம், குரல் எல்லாம் மறந்திருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நீயும் அப்படித்தான் நினைத்தாய் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, “இது உன் கை. நீ பொய்க்கோழி” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது கோமாளித்தனம் செய்து சமாளித்திருப்பேன். மஞ்சள் கையை எடுத்துப் போய்க் குப்பைக் கூடையில் போடாமல், என் பள்ளிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். என்னுடையதை என்னிடமே கொடுத்துவிட்டாளாம்.

ரோண்டா பெரியம்மா அடுப்பருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஊர்ல இருக்குற மான், மாடு எல்லாத்துக்கும் சட்டை மாட்டு, யாரு கேக்குறா? ஆனா இதுலயா வெளையாடுவ நீ? இதுலயா?” என்று கரண்டியை என் பக்கம் நீட்டினாள். கரண்டியிலிருந்து சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. பிறகு திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே கலந்திருந்ததை வெகு நேரம் கலக்கினாள்.

ஜூலையைப் பற்றி நாம் யாரும் பேசுவதில்லை. நான் பேசிவிடுகிறேன். அன்றைக்குப் பார்வையாளர் அறையில் வில்லா தடுக்கி விழுந்தாள், நீ எழுந்து கையை நீட்டினாய், அவள் “அம்மா” என்று கத்திக்கொண்டு பெரியம்மாவின் காலைப் போய்க் கட்டிக்கொண்டாள். நீ திரும்ப உட்கார்ந்தாய். மிச்ச நேரம் முழுவதும் உன் கை மேஜை மேலேயே இருந்தது. அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, ஃபோனும் இல்லை. வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது பெரியம்மா கார் கதவை மூடிக்கொண்டு வெளியே நின்று அழுதாள். எங்களுக்குத் தெரியாதாம். கண்ணாடி என்ன சுவரா?

வீட்டில் வில்லா அவளை அம்மா என்று கூப்பிட்டால், ஒவ்வொரு முறையும், “நான் பெரியம்மாடி கண்ணு. அம்மா வேற” என்கிறாள். ஒரு முறைகூடச் சும்மா இருந்ததில்லை. தூக்கத்தில் கூப்பிட்டாலும் திருத்துகிறாள். நேற்று மிஸ் பெக் பாவம், வெற்றிடம் தெரியாமல் இருக்கட்டும் என்று, “ரோண்டா, உங்க கையையே இன்னொரு தடவை மஞ்சள்ல வரைஞ்சிடலாமா?” என்று கேட்டார். “எங்கிட்ட இருக்கிறது என் கை. அந்த எடத்துக்கு ஆள் இருக்கா” என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வில்லாவிடம் படுக்கையில் கேட்டேன், கொக்கி உனக்கு எப்படிடி ஞாபகம் என்று. “மேஜை மேல இருந்துச்சே” என்றாள். அன்றைக்கு அவள் உன் முகத்தைப் பார்க்கவில்லை, உண்மைதான். உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பெரியம்மாவின் காலுக்குப் பின்னாலிருந்து, முழு நேரமும்.

செவ்வாய்க்கிழமைக்குத் தபால் வந்து சேர வேண்டுமென்றால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நீ அனுப்ப வேண்டும். பொய்க்கை எங்களிடம் ஒன்று இருக்கிறது, அதற்கு மரியாதை இல்லை. நிஜக் கைதான் வேண்டும், கொக்கியோடு.

உன்னைக் கெஞ்சும் பழக்கம் எனக்கு இல்லை. கற்றுக்கொண்டிருக்கிறேன்.

உன் பொய்க்கோழி,
டீகன்


ஆல்டர் கிரீக்
டிசம்பர் 3

அன்புள்ள அம்மா,

விருந்து முடிந்தது. உன் தாள் வரவில்லை. தபால் தாமதம் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன், எல்லோரும் நம்பியது போல் இருந்தார்கள். எங்கள் ஊரில் அந்த அளவு மரியாதை இன்னும் இருக்கிறது.

பிள்ளைகள் காகிதச் சிறகு ஒட்டிய பட்டைகளைத் தலையில் கட்டிக்கொண்டு பூசணிப் பாயசம் போன்ற ஒன்றைச் சாப்பிட்டார்கள். ஓடின் பட்டையையும் சாப்பிடப் பார்த்தான். சுவரில் வில்லாவுக்காக நான் ஒட்டிய வான்கோழிக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பழுப்பு, நடுவில் ஒன்றுமில்லை. யாரோ ஒரு பையனின் அப்பா, நல்ல மனிதர்தான், “என்னம்மா, உன் கோழிக்கு வால்ல ஓட்டை விழுந்திருக்கு?” என்று சிரித்துக்கொண்டு கேட்டார். வில்லா அவரை மேலும் கீழும் பார்த்து, “ஓட்டை இல்ல. அது எடம்” என்றாள். அவர் தன் தட்டோடு வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

நன்றித் திருநாளன்று பெரியம்மா வான்கோழியைக் காயவிட்டுவிட்டாள், குழம்பை ஊற்றித்தான் விழுங்க வேண்டியிருந்தது. கிரான்பெரி ஜெல்லி டப்பாவைக் கவிழ்த்து, டப்பாவின் வளையங்கள் அப்படியே பதிந்திருக்கத் தட்டில் வைத்தாள். அதை அறுக்க மட்டும் யாரையும் விடவில்லை. எப்போதும் நீதான் அறுப்பாய் என்பதால், அது முழுசாகவே மேஜையில் நின்றது, முழுசாகவே குளிர்பெட்டிக்குள் போனது.

மறு வாரம் மிஸ் பெக் வான்கோழிகளைக் கழற்றிவிட்டுக் கிறிஸ்துமஸ் தேவதைகளை ஒட்டினார். வில்லாவின் கோழிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டபோது அவள் ஓடிப்போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாளாம். “இது இன்னும் முடியல, மிஸ் பெக்.” அவ்வளவுதான் சொன்னாளாம். இப்போது இருபது தேவதைகளுக்கு நடுவில் ஒரு வான்கோழி நிற்கிறது. போதகர் பார்த்துவிட்டுப் பழக்கதோஷத்தில் என்னைத்தான் முறைத்தார்.

நேற்று அவள் ஒட்டுகிற மேஜைக்குத் திரும்ப வந்தாள். பசை வேண்டாம், வர்ணம் வேண்டாம், இலை வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தாள். என்னிடம் வந்து, “உள்ள விடுற பேனா குடு” என்றாள்.

நீலப் பேனாவைக் கொடுத்தேன்.

தாளைத் திருப்பிப் பார். பின்பக்கம் இருப்பது அவள் கை. சுற்றிக் கோடு போட்டது நான். சுண்டு விரல் அப்படி வளைந்திருப்பதற்கு என்னைக் குறை சொல்லாதே. கையை வைத்ததும் அவளே வளைத்துக்கொண்டாள். நேராக்கிவிட்டேன், திரும்ப வளைத்தாள். “இப்படித்தான் இருக்கணும்” என்றாள். வலிக்குமே என்றேன். “அம்மாவுக்கு வலிக்குமா?” என்று கேட்டாள். அந்த வளைவோடே கோடு போட்டேன்.

அதிகாரி அவர்களே, கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். இதில் மை தவிர எதுவும் இல்லை, வேண்டுமானால் விளக்கில் பிடித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு மடிக்கும்போது மட்டும், அந்தச் சுண்டு விரலின் மேல் மடிப்பு விழாமல் மடியுங்கள்.

அம்மா, நீ எதுவும் எழுத வேண்டாம். மன்னிப்பு வேண்டாம், சமாதானம் வேண்டாம். அவள் கைக்குப் பக்கத்தில் தாளைக் காலியாக விட்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் உன் கையை அவள் கை மேல் வைத்துக்கொண்டிரு. மனம் வரும்போது பக்கத்தில் நகர்த்திவைத்துக் கோடு போட்டு அனுப்பு. நன்றித் திருநாள் போய்விட்டதே என்று நினைக்காதே. கிறிஸ்துமஸுக்கு வந்தாலும் சரி, பனி உருகி வந்தாலும் சரி, சுவரில் இடம் இருக்கும். அவள் நகர மாட்டாள்.

காத்திருக்கும்,
டீகன்
(பக்கத்தில் உன் கொக்கி)